கவுன்டர் அம்மாவுக்கும் மத்த எல்லாருக்கும்

மக்களே, ஜப்பான் பேண்டுங்க பாட்டை நெட்ல வெளிநாட்டு ஆளுங்களுக்குப் போடற நம்ம ஷோ இந்த ஞாயித்துக்கிழமை இருக்கு. ஆமா, நிஜமாவே இருக்கு. டோக்கியோல ராத்திரி 10 மணி, சென்னைல சாயங்காலம் 6:30, சாவ் பாலோ ஆளுங்களுக்கு காலைல 10, வழக்கம் போல காபியோட வந்துடுங்க.

பாட்டு அனுமதிப் பிரச்சனைல ஷோ நடக்குமா நடக்காதான்னு ஆகி, போன அஞ்சு வாரமா என்ன நடந்துச்சு, எந்த மெயில் வந்துச்சு, யார் என்ன சொன்னாங்கன்னு உங்க எல்லாருக்கும் தெரியும், என்னை விட நீங்கதான் அதிகமா கொதிச்சீங்க. மறுபடியும் அதைக் கிளற எனக்குத் தெம்பு இல்ல. நன்றி சொல்லிட்டுப் போய் தூங்கலாம்னு உட்கார்ந்திருக்கேன். எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க.

கடைசில எல்லாம் ஒரே இடத்துல வந்து நின்னுச்சு: ஒவ்வொரு பாட்டுக்கும் கையெழுத்து. ரேடியோ ஸ்டேஷனா இருந்தா பாட்டைப் போட்டுட்டு அப்புறமா காசு கட்டிக்கலாம். நெட்ல போடணும்னா அந்தக் கதை நடக்காது, ஜாஸ்ராக்குங்கற பாட்டு உரிமை அமைப்புக்குக் கட்டறது பாட்டை எழுதினவங்களுக்குத்தான், ரெக்கார்டிங்குக்கு லேபிள் கிட்ட தனியா முன்கூட்டியே அனுமதி வாங்கணும், லேபிளே இல்லாத பசங்கன்னா பேண்ட் கிட்டயே வாங்கணும். நாங்க போடறதுல பாதி அந்த மாதிரி பசங்கதான். 41 பாட்டு, 17 பேண்ட், வாசிக்கறவங்க பேர் மட்டும் 60க்கு மேல. ஒவ்வொருத்தர் பேரும் போட்டு அனுமதிக் கடிதம் அடிச்சு, ஆபீஸ் முடிஞ்சு நிஷிகசாய் வீட்டுக்குப் போகாம நேரா லைவ் ஹவுஸ் லைவ் ஹவுஸா (பேண்டுங்க வாசிக்கற சின்ன ஹால்) அலைஞ்சேன்.

அப்படி ஒரு வியாழக்கிழமை டோக்கியோ கோயென்ஜில ஒரு கீழ்த்தள லைவ் ஹவுஸ். வாசல் கவுன்டர்ல ஒரு அம்மா. அறுபது வயசு இருக்கும், வெள்ளை முடியைக் குட்டையா வெட்டியிருந்தாங்க, கழுத்துல கண்ணாடி கயித்துல தொங்குது. ஜப்பான்ல சின்ன லைவ் ஹவுஸ் போனவங்களுக்குத் தெரியும், டிக்கெட்டுக்கு மேல ட்ரிங்க் காசுன்னு 600 யென் வாங்கிட்டு 'இன்னிக்கு எந்த பேண்டைப் பாக்க வந்தீங்க'ன்னு கேட்டு ஒரு தாள்ல கோடு போடுவாங்க. சும்மா கேக்கறதில்ல. நோருமான்னு ஒண்ணு உண்டு, ஒரு பேண்ட் இத்தனை டிக்கெட் வித்தாகணும், விக்கலன்னா மிச்சக் காசை அவங்களே கையை விட்டுக் கட்டணும். நீங்க யார் பேரைச் சொல்றீங்களோ அந்த கணக்குல உங்க கோடு விழும். எனக்கு அன்னிக்கு நாலு பேண்ட் கிட்டயும் கையெழுத்து வாங்க வேண்டியிருந்துச்சு, அதனால அசடு வழிய 'எல்லாரையும்'னு சொல்லி கடிதக் கட்டை எடுத்து நீட்டினேன்.

அவங்க கண்ணாடியை மாட்டி முதல் தாளைப் பார்த்தாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க. பின்னாடி ஆள் நிக்குது. அப்புறம் ஒரு பேர் மேல விரலை வெச்சு, 'இந்தப் பொண்ணு யூகோ இல்ல, ஹிரோகோ. யூகோன்னு கூப்பிட்டா திரும்பிக் கூடப் பாக்காது'ன்னாங்க.

கான்ஜில, அதாவது ஜப்பான்காரங்க எழுதற சீன எழுத்துல, ரெண்டுக்கும் ஒரே எழுத்துதான். நான் ரெண்டு வருஷமா ஷோல அந்த பேஸ் கிட்டார் வாசிக்கற பொண்ணை யூகோ யூகோன்னு கூவியிருக்கேன், அதுவும் பிரேசில், மெக்சிகோ, ஃபின்லாந்துன்னு உலகம் பூரா கேக்கற மாதிரி. பூமி பிளந்து உள்ள போயிடலாம்னு இருந்துச்சு. அதைக் கடிதத்துலயும் அடிச்சு, கையெழுத்து போடுன்னு அந்தப் பொண்ணுகிட்டயே நீட்ட இருந்தேன்!

'ஷோ முடிஞ்சு நில்லுங்க'ன்னாங்க. நின்னேன்.

பத்தே முக்காலுக்கு பசங்க ஆம்பை (ஆம்ப்ளிஃபையர்) தூக்கிட்டு மாடிப்படி ஏறிட்டு இருக்காங்க, அந்த அம்மா ஒரு பீர் பெட்டியைக் கவுத்துப் போட்டு உட்கார்ந்து, மெக்கானிக்கல் பென்சிலை ரெண்டு தடவை டிக் டிக்னு தட்டி, முதல் பேர்லேர்ந்து ஆரம்பிச்சாங்க. கான்ஜிக்கு மேல சின்னதா ஹிரகானாங்கற ஒலி எழுத்துல உச்சரிப்பு எழுதறதை ஃபுரிகானான்னு சொல்வாங்க, பள்ளிக்கூடப் புஸ்தகத்துல குழந்தைங்களுக்குப் போட்டிருக்கும். அதை எனக்குப் போட்டாங்க. 17 பேண்டுக்கும், 60 பேருக்கும். கிழக்குன்னு அர்த்தம் வர ஒத்தை எழுத்து ஒருத்தருக்கு ஹிகாஷி, இன்னொருத்தருக்கு அசுமா, இதெல்லாம் எந்த அகராதியும் சொல்லாது, ஆளைத் தெரிஞ்சவங்கதான் சொல்ல முடியும். முக்கால்வாசிப் பேரை அவங்களுக்கு ஆளாவே தெரிஞ்சிருந்துச்சு. 'இவன் முதல் தடவை இங்க வாசிச்சப்போ ஸ்கூல் யூனிஃபார்ம்ல வந்தான்.' 'இவ இப்போ குழந்தையோட ஊருக்குப் போயிட்டா, கடிதம் அனுப்பினா சந்தோஷப்படுவா.' எழுதிக்கிட்டே தனக்குத்தானே சொல்லிக்கிட்டாங்க.

பாட்டுத் தலைப்பையும் விடல. ஒண்ணுல நேரம், மழைன்னு ரெண்டு எழுத்து. நான் எழுத்துக் கூட்டி ஜி-உன்னு படிச்சு வெச்சிருந்தேன். அது ஷிகுரேவாம், நம்ம ஊர்ல குளிர் ஆரம்பிக்கும்போது விட்டு விட்டுத் தூறுமே, அந்த மாதிரி மழை. லிங் தோசிதே ஷிகுரேன்னு பேர்லயே அந்தச் சொல்லை வெச்சிருக்கற பேண்டை இத்தனை வருஷமா கேக்கறேன், டீ-ஷர்ட் வேற வெச்சிருக்கேன், எழுத்துல பார்த்தா தெரியல. என்னத்தைச் சொல்ல.

ஒரே ஒரு ட்ரம்மர் பேர்ல பென்சில் நின்னுடுச்சு. மேடைப் பேர் தெரியும், நிஜப் பேர் எப்படிப் படிக்கறதுன்னு அவங்களுக்கும் தெரியல. விட்டுடுங்க, மெயில்ல கேட்டுக்கறேன்னு சொன்னேன். காதுல வாங்காம ஃபோனை எடுத்தாங்க. மணி 11:40. அந்தப் பையன் கன்வீனியன்ஸ் ஸ்டோர்ல நைட் ஷிஃப்ட்ல இருக்கான், ஃபோனுக்குள்ள பிப் பிப்னு பில் போடற சத்தம் கேக்குது, நடுவுல யாருக்கோ 'சூடு பண்ணட்டுமா'ன்னு கேட்டுட்டு, திரும்ப வந்து தன் பேரைச் சொன்னான். அவங்க எழுதிட்டு, வேலையைப் பாருன்னு வெச்சுட்டாங்க. அவ்ளோதான்.

முடிஞ்சதுன்னு நினைச்சு தாளை வாங்கப் போனேன், தர மாட்டேங்கறாங்க. கடைசி வரில, அனுப்புநர்னு என் பேர் இருந்துச்சு, இங்கிலீஷ்ல. 'இதுக்கு ஏன் ஃபுரிகானா இல்ல?'

ஜப்பான் வந்த நாள்லேர்ந்து எழில்ங்கற பேரை ஆபீஸ்ல எஜிருன்னுதான் எழுதறாங்க. ஃபுட்பால் ஆடினாரே ஓசில், அவர் பேரையும் இங்க கடகானால (வெளிநாட்டுப் பேரை எழுதற எழுத்து) எஜிருன்னுதான் எழுதுவாங்க, அதனால ஆரம்பத்துல எல்லாரும் பந்து உதைக்கற மாதிரி காட்டுவாங்க, நானும் சிரிச்சு வைப்பேன். தமிழுக்கே இங்க தமிருன்னுதான் எழுதறாங்க, நான் எந்த மூலை. எப்படி வேணா கூப்பிடுங்கன்னு விட்டு ஆறு வருஷம் ஆச்சு. அதையே அவங்ககிட்டயும் சொன்னேன். சொல்லிக் காட்டுங்கன்னாங்க. எழில். 'எ-ரி-ரு?' இல்ல. 'எ-யி-ரு?' ம்ஹூம். நாக்கை மடிச்சு மேல கொண்டு போகணும்னு வாயைத் திறந்து காட்டினேன், நடு ராத்திரி, பீர் பெட்டிங்களுக்கு நடுவுல ரெண்டு பேரும் வாயைத் திறந்துக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ கிட்டத்தட்ட வந்துடுச்சு. சந்தோஷத்துல அவங்க தொடையைத் தட்டிக்கிட்டாங்க. எ-ரி-ருன்னு எழுதி, ரி மேல மட்டும் சின்னதா ஒரு வட்டம் போட்டு, பக்கத்துல குறிப்பு எழுதினாங்க: 'இது நம்ம ரி இல்ல. ஆளை நேர்ல கேக்கவும்.'

நகானோல தொசாய் லைன் கடைசி வண்டி ஏற ஓடினேன். வண்டில உட்கார்ந்து அந்தத் தாளைப் பார்த்து அழுதேன், பக்கத்துல ஒரு குடிகாரர் டிஷ்யூ பாக்கெட் கொடுத்தார், அவருக்கும் நன்றி.

அவங்க பேரை எழுதக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க. அத்தனை பேர் பேரையும் சரி பண்ணிக் கொடுத்தவங்க பேரு மட்டும் இங்க இல்ல. அந்தக் கடிதத்தை வாங்கின 17 பேண்டும் கையெழுத்து போட்டுட்டாங்க. ஹிரோகோ ஒரு வரி கூட எழுதியிருந்துச்சு: 'யூகோவும் நல்லாத்தான் இருந்துச்சு.'

மத்தவங்களை ஒரே மூச்சுல சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க: பழைய எபிசோடெல்லாம் ஒண்ணு விடாம வெச்சிருந்து அனுப்பின சாவ் பாலோ தம்பி, 2011ல எக்ஸ் ஜப்பான் தென் அமெரிக்கா வந்தப்போ ஊர் விட்டு ஊர் போய் பார்த்தேன், இதுக்கு வரமாட்டனான்னு கேட்ட சாந்தியாகோ அண்ணன், ட்யூட்டி முடிஞ்சு வந்து ஸ்ப்ரெட்ஷீட் போட்ட ஃபின்லாந்து நர்ஸ், நருட்டோ அனிமே ஓப்பனிங்ல ஏசியன் குங்ஃபூ ஜெனரேஷன் பேண்டைக் கேட்டுத்தான் இந்தப் பக்கமே வந்தோம்னு சொல்லி நாலு நாள்ல மொத்த ஸ்கிரிப்டையும் சரி பார்த்த சென்னை பொண்ணுங்க மூணு பேர், என் ஆன்-கால் ஷிஃப்டை வாங்கிக்கிட்டு ஒரு கேள்வி கேக்காத ஆபீஸ் செம்பாய் (சீனியர்), நிஷிகசாய்ல சாப்பாடு கொடுத்தனுப்பின அக்கா. நீங்க இல்லன்னா இல்ல.

இனிமே எதுக்கு இந்த ஷோன்னு சில பேர் கேட்டாங்க. லவுட்னஸ் பேண்ட் 1985லயே நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் மேடை ஏறிட்டாங்க, லார்க்-ஆன்-சியெல் பேண்ட் 2012ல அங்க சொந்தக் கச்சேரியே பண்ணிட்டாங்க, இனிமே நீ யாரை வெளிநாட்டுக்கு அறிமுகப்படுத்தப் போறேன்னு. நியாயம்தான். ஆனா நிங்கென் இசுவைப் பாருங்க, 1987ல ஆரம்பிச்ச பேண்ட், 2019ல ஒரு யூடியூப் வீடியோவை வெளிநாட்டு ஜனங்க கண்டுபிடிச்ச பிறகுதான், 2020 பிப்ரவரில முதல் தடவையா ஜெர்மனிக்கும் லண்டனுக்கும் போய் வாசிச்சாங்க. முப்பது வருஷத்துக்கு மேல! கோயென்ஜில அன்னிக்கு ஆம்பு தூக்கின பசங்களுக்கும் எங்கேயோ ஒரு ஊர்ல கேக்கறவன் இருப்பான், ஆனா ரேடிகோங்கற ஜப்பான் ரேடியோ ஆப் எல்லை தாண்டினா வாயை மூடிக்கும், வேற யார் போய் சொல்றது.

அதனால ரெண்டு விஷயம் முடிவு பண்ணியிருக்கேன். இனிமே எந்தப் பாட்டு போட்டாலும் அதுல வாசிச்ச எல்லார் பேரையும் முழுசா, சரியா சொல்லுவேன், ஷோ பத்து நிமிஷம் நீண்டாலும் பரவால்ல. அப்புறம் லைவ் ஹவுஸ் வாசல்ல யாரைப் பாக்க வந்தேன்னு கேட்டா, அன்னிக்கு முதல்ல ஏறற, யாருக்கும் தெரியாத பேண்ட் பேரைத்தான் சொல்லுவேன்.

ஞாயித்துக்கிழமை முதல்ல படிக்கப் போறது அந்த நைட் ஷிஃப்ட் ட்ரம்மர் பேரு. சத்தமா சொல்லிச் சொல்லிப் பழகிட்டு இருக்கேன், இப்பதான் பக்கத்து வீட்டுக்காரர் சுவத்தைத் தட்டினார்.