கப்பல் ஏறுற முதல் நாளைப் பத்திப் பெரியவங்களுக்குத் தமிழ்ல சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம்ம பத்திரிகைல இப்பல்லாம் க்ரூஸ் விளம்பரம் நிறைய வருது. பினாங்கு ஸ்வெட்டென்ஹம் பியர்ல பெரிய கப்பல் வந்து நின்னா மணிக்கூண்டுப் பக்கமா நின்னு வேடிக்கை பார்த்துட்டிருந்த நம்ம ஜனங்க இப்ப அதுலயே ஏறிப் போறாங்க, பாக்கவே சந்தோஷமா இருக்கு. அப்பா அம்மாவோட அறுபதாம் கல்யாணத்துக்குப் பிள்ளைங்க காசு சேர்த்து டிக்கெட் போட்டுக் குடுக்குறாங்க, ரிட்டயர்ட் ஆன வாத்தியாருங்க குரூப்பா கிளம்புறாங்க, மூணு நாள் நாலு நாள்னு இல்லாம ஒரு மாசம் மூணு மாசம்னு போற நெடும்பயணத்துக்கும் ஆளுங்க இருக்காங்க, போர்ட் கிளாங்ல ஏறுறவங்க, சிங்கப்பூர் வரைக்கும் பஸ்ல போய் அங்க ஏறுறவங்கன்னு. நான் சொல்ல வந்தது ஒண்ணுதான். டிக்கெட் விக்கிறப்ப பால்கனி ரூம், பஃபே, ஷோ எல்லாத்தையும் ஆசையா சொல்ற ஏஜெண்டுங்க, ஏறுற அந்த முதல் நாள் என்ன நடக்கும், எதைக் கையில வச்சிக்கணும், எதைக் கட்டாயம் செய்யணும்னு வயசானவங்களை உக்கார வச்சுத் தமிழ்ல சொல்றதே இல்ல.

நான் ஆஸ்பத்திரில தாதியா இருந்து ரிட்டயர்ட் ஆனவ. அதனால குரூப்பா போறப்ப மருந்து விஷயம் எல்லாம் எங்கிட்டதான் வரும். ஒரு பயணத்துல எங்ககூட வந்த ஒரு ஐயா, எழுபது தாண்டுனவர், டெர்மினல் வாசல்ல போர்ட்டர் கையை நீட்டுனதும் இருந்த பெட்டி எல்லாத்தையும் குடுத்துட்டார், இன்சுலினும் அதுக்குள்ளயே போயிருச்சு. அங்க குடுக்குற பெட்டி நம்மகூடவே வராது, எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி கப்பல்ல ஏத்தி, தளம் தளமா பிரிச்சு ரூம் வாசல்ல கொண்டாந்து வைக்க சாயந்திரம் ஆயிரும், சில நேரம் ராத்திரி சாப்பாடு முடிஞ்ச பிறகுதான் வரும். மத்தியானம் ஏறுன உடனே சாப்பாடு ரெடி. ஊசி இல்லாம சாப்பிடவும் பயம், சாப்பிடாம இருந்தா மயக்கம் வந்துருமோன்னும் பயம், அவர் சம்சாரம் லிஃப்ட் பக்கத்துல நின்னு அழுதுட்டாங்க. கடைசியில கப்பல் கிளினிக்ல கேட்டு வாங்கிப் போட்டோம், அதுக்குத் தனி பில்லு. டிக்கெட் போட்டுக் குடுத்தவர்கிட்ட நான் பிறகு கேட்டேன், பேப்பர்ல எல்லாம் எழுதியிருக்குமேம்மான்னார். எழுதியிருந்துச்சு, பக்கம் பக்கமா, பொடி எழுத்து இங்கிலீஷ்ல. அந்த ஐயா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளில ஆறாவது வரைக்கும் படிச்சவர்.

அதனால முதல்ல மருந்து. பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை, இன்சுலின், மூக்குக் கண்ணாடி, காது மிஷின் பேட்டரி, பாஸ்போட், ஒரு செட் துணி, இதெல்லாம் தோள்ல மாட்டுற பையில இருக்கணும், யார் கேட்டாலும் அந்தப் பையைக் குடுக்கக் கூடாது. இன்சுலின் வெயில்ல நிக்கிற பெட்டிக்குள்ள கிடந்தா கெட்டுப்போகும், அதனால ரூமுக்குப் போனதும் குளிர்ப்பெட்டி இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா மருந்துக்குன்னு ஒண்ணு கேட்டா பெரும்பாலும் குடுப்பாங்க. மாத்திரையைப் பிரிச்சு டப்பாவுல கொட்டி எடுத்துட்டுப் போகாதீங்க, பேர் ஒட்டுன கவரோட, டாக்டர் லெட்டரோட எடுத்துட்டுப் போங்க. கிளினிக்ல மாசா மாசம் மருந்து வாங்குறவங்க மூணு மாசப் பயணம்னா முன்கூட்டியே ஃபார்மசில சொல்லி மொத்தமா வாங்கிக்கணும், கிளம்புற வாரத்துல போய்க் கேட்டா கஷ்டம்.

பாஸ்போட் விஷயமும் அப்படித்தான். ஆறு மாசம் இருந்தா போதும்னு எல்லாரும் சொல்றாங்க, அந்த ஆறு மாசத்தைத் திரும்பி வர்ற நாள்ல இருந்து எண்ணணும்னு யாரும் சொல்றதில்ல. நாலு மாசம் கடல்ல இருக்கப் போறவங்களுக்கு ஏறுற அன்னிக்குப் பத்து மாசம் பாக்கி இருந்தாத்தான் நிம்மதி. நம்ம மலேசியாவுல 60 வயசு ஆனவங்களுக்குப் புது பாஸ்போட் 100 வெள்ளிதான், அதுக்கு யோசிச்சுக் கவுண்டர்ல திருப்பி அனுப்புற நிலைமைக்கு வரக் கூடாது. விசாவும் பாத்துக்குங்க. வழியில இந்தியாவுல ஒரு துறைமுகத்துல நின்னாலே, நீங்க கீழ இறங்காம ரூம்லயே இருந்தாலும், பல கப்பல்ல விசாவைக் காட்டுன்னு முதல் நாளே கேப்பாங்க.

இன்னொண்ணு, இது நம்மளுக்குன்னே உள்ளது. நம்ம பாட்டிமாருங்க எங்க போனாலும் சின்ன சாமி படம், விளக்கு, சூடம், ஊதுபத்தி எடுத்துட்டுத்தான் போவாங்க. கப்பல்ல நெருப்பு சம்பந்தப்பட்ட எதுக்கும் அனுமதி இல்ல, அயர்ன் பாக்ஸ், கெட்டில், ரைஸ் குக்கர்கூட ஸ்கேன்ல தெரிஞ்சா எடுத்து வச்சிக்குவாங்க. வயசான ஒரு அம்மா கையில இருந்து சீருடை போட்ட ஒருத்தர் சூடம் டப்பாவை வாங்குனா அந்த அம்மா மனசு என்ன பாடு படும். வீட்டுலயே பக்குவமா சொல்லிட்டா சாமி படத்தை மட்டும் எடுத்துட்டு, கிளம்புற காலைல குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில்ல ஒரு கற்பூரம் காட்டிட்டு நிம்மதியா வருவாங்க.

இதையெல்லாம் விட நான் ரொம்ப வற்புறுத்திச் சொல்றது அவசரகாலப் பயிற்சி. கப்பல் கிளம்புறதுக்கு முன்னாடி ஆபத்து வந்தா எங்க போய்க் கூடணும், லைஃப் ஜாக்கெட் எப்படிப் போடணும்னு காட்டுவாங்க. ஏழு தடவை சின்னதா, பிறகு ஒரு தடவை நீளமா சங்கு ஊதுனா அதுதான் அபாய அறிவிப்பு. இப்ப நிறைய கப்பல்ல வீடியோவை போன்லயோ ரூம் டிவிலயோ பாத்துட்டு, நம்ம கூட வேண்டிய இடத்துக்கு நேர்ல போய், ஏறுறப்ப நம்ம பேர்ல குடுக்குற கப்பல் கார்டை ஸ்கேன் பண்ணிட்டு வரணும். நம்ம ஆளுங்க அந்த நேரத்துல சாப்பாட்டு மேசைல இருக்காங்க, இல்லன்னா கால் வலிக்குது, நீ என் கார்டையும் காட்டிட்டு வந்துருன்னு மருமகள்கிட்ட குடுத்து அனுப்புறாங்க. அப்படி செய்யவே கூடாதுங்க.

2012 ஜனவரி 13 ராத்திரி இத்தாலில கோஸ்டா கொன்கோர்டியா கப்பல் ஜீல்யோ தீவுகிட்ட பாறையில மோதுச்சே, அதுல 4,200 பேருக்கு மேல இருந்தாங்க, 32 பேர் செத்துட்டாங்க. அன்னிக்கு சாயந்திரம்தான் சிவிதவெக்கியா துறைமுகத்துல பல நூறு பேர் புதுசா ஏறியிருந்தாங்க, அவங்களுக்குப் பயிற்சியே நடக்கல, ஏன்னா அப்ப விதிப்படி 24 மணி நேரத்துக்குள்ள நடத்துனா போதும், மறுநாளைக்கு வச்சிருந்தாங்க. முதல் ராத்திரியே விபத்து. அதுக்கப்புறம்தான் சோலாஸ்ங்கிற உலகக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்துல விதியை மாத்தி, 2015 ஜனவரி 1ல இருந்து கப்பல் புறப்படுறதுக்கு முன்னாடியோ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாகணும்னு ஆக்குனாங்க. அந்த ஒப்பந்தமே 1912ல டைட்டானிக் மூழ்குன பிறகு வந்ததுதான். இதை வீட்டுல ஒரு தடவை கதையா சொல்லிப் பாருங்க, எந்தத் தாத்தாவும் கார்டைக் குடுத்து அனுப்ப மாட்டார். நமக்கும் இது தூரத்து விஷயம் இல்ல. மெட்ராஸ்ல இருந்து நாகப்பட்டினம், பினாங்கு, கிளாங், சிங்கப்பூர்னு ஓடுன ராஜுலா கப்பலுக்குப் பிறகு வந்த சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரில நடுக்கடல்ல தீப்பிடிச்சு எத்தனை பேர் போனாங்க, அதோட அந்தக் கப்பல் ஓட்டமே நின்னுச்சு. நம்ம வயசுக்காரங்க வீடுகள்ல அந்தக் கப்பல்ல வந்து போன யாராவது ஒருத்தர் இல்லாம இருக்க மாட்டாங்க.

அந்தக் காலத்துல வழியனுப்ப மொத்தக் குடும்பமும் கப்பல் பக்கம் வரைக்கும் போகும்னு பெரியவங்க சொல்லிக் கேட்டிருக்கேன், படுக்கப் பாய் விரிக்கிற வரைக்கும் கூட நின்னு இடம் பிடிச்சுக் குடுத்துட்டு இறங்குவாங்களாம். இப்ப அது முடியாது. 2004ல இருந்து உலகம் முழுக்கத் துறைமுகப் பாதுகாப்பு விதி வந்துருச்சு, டிக்கெட் இல்லாதவங்க டெர்மினல் வாசலோட நிக்கணும். அதாவது அந்த வாசலுக்கு அந்தப் பக்கம் அப்பாவும் அம்மாவும் தனியா போறாங்க. செக்கின் கவுண்டர், இமிகிரேஷன், பிறகு ஏணிப்பாலம், அதுவும் தண்ணி ஏறி இறங்குறதைப் பொறுத்து ஒரு நேரம் சமமா இருக்கும் ஒரு நேரம் செங்குத்தா இருக்கும், முட்டி வலி உள்ளவங்களுக்கு வீல்சேர் வேணும்னு டிக்கெட் போடுறப்பவே சொல்லி வைக்கணும், அங்க வந்து கேட்டா இருக்குறது எல்லாம் வேற ஆளுக்குப் போயிருக்கும். சைவம்னா அதையும் அப்பவே சொல்லிரணும். சிங்கப்பூர்ல ஏறுறவங்க முதல் நாளே போய்த் தங்கிருங்க, ஜொகூர் பாலத்துல ஜாம் ஆனா கப்பல் காத்திருக்காது, கிளம்புறதுக்கு ஒரு மணி ஒன்றரை மணி நேரம் முன்னாடியே கவுண்டரை மூடிருவாங்க.

ஏஜெண்டுமாருங்களை நான் குறை சொல்லணும்னு எழுதல, நிறைய பேர் நல்ல மனசோட ஓடியாடி வேலை செய்றவங்கதான். ஆனா காசு வாங்குறப்ப ரெண்டு பக்கம் தமிழ்ல, பெரிய எழுத்துல அச்சடிச்சுக் குடுங்க. கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி எல்லாரையும் ஒரு மண்டபத்துல கூட்டி ஒரு மணி நேரம் பேசுங்க, லைஃப் ஜாக்கெட் ஒண்ணு கொண்டாந்து அவங்க கையாலயே போட்டுக் கழட்ட வையுங்க. பிள்ளைங்களும் டிக்கெட் எடுத்துக் குடுத்தாச்சேன்னு விட்டுராம முதல் நாள் ராத்திரி அப்பாவோட தோள் பையைத் திறந்து மருந்து அதுல இருக்கான்னு உங்க கண்ணாலயே பாருங்க.

பத்திரிகைல வருஷக் கடைசி லீவுக்கு முன்னாடி இதுக்குன்னு அரைப் பக்கம் ஒதுக்குனீங்கன்னா மருந்து சம்பந்தமான பகுதியை நானே எழுதி அனுப்புறேன், ஒரு காசும் வேணாம்.

இப்படிக்கு,
ரிட்டயர்ட் தாதி ஒருத்தி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு