பொன்னாடைக்கு முக்கால் மணி நேரமா?

ஆசிரியருக்கு,

கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய புயல் விழிப்புணர்வுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மேடையில் இருந்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்தவே முக்கால் மணி நேரம் ஆனது. அப்புறம் பொறுப்பாளர், யாரோ எழுதிக் கொடுத்த உரையைத் தலை நிமிராமல் வாசித்தார். வலை வேலையைப் போட்டுவிட்டு வந்தவர்கள் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள்.

2004 சுனாமியையும் 2011 டிசம்பரில் தானே புயலையும் பார்த்த ஊர் இது. இங்கே வந்து புயல் ஆபத்தானது என்று சொல்ல வேண்டுமா? துறைமுகத்தில் 10-ஆம் எண் கூண்டு ஏற்றினால் பெரும் அபாயம், 11 என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. இது எத்தனை பேருக்குத் தெரியும்? முகாம் எந்தப் பள்ளியில், படகை எங்கே ஏற்றிக் கட்டுவது, ரேஷன் கார்டை எதில் சுற்றி வைப்பது என்று சொல்லியிருந்தால் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

உரை எழுதுபவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மேடையில் இருப்பவருக்குப் பிடித்ததைத்தான் அவர் எழுதுவார். அரசியல் கூட்டங்களிலும் இதே கதைதான். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு அடுத்த கூட்டம் போடுகிறவர்கள், ஊர்ப் பஞ்சாயத்தாரையும் மீன் விற்கும் பெண்களையும் கேட்டுவிட்டு உரையை எழுதட்டும்.

– ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்