நாற்பதுக்கு மேல் நீ போகவில்லை

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும் சாப்பிட்டாயா, புனேயில் மழை எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

புல்லட்டைப் பிரித்துவிட்டேன். பின்கட்டுச் சாய்ப்பில் சாக்கைப் போட்டு மூடி வைத்திருந்தேனே, அதேதான். மில்லிலிருந்து ஓய்வு பெற்று ஆறு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தேன். "ஏனுங்க, ஒண்ணு அதை ஓட்டுங்க, இல்லாட்டி இரும்புக்குப் போடுங்க, துணி காயப் போட இடமில்லை" என்று உங்கம்மா தினமும் ஒரு தடவையாவது சொல்லிக்கொண்டிருந்தாள். மூடிய ஒரு பட்டறையிலிருந்து நாலரை அடி லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்று சல்லிசாகக் கிடைத்தது. ஒரு குதிரைச்சக்தி மோட்டார், சிங்கிள் பேஸ். சாய்ப்பிலேயே காங்கிரீட் போட்டு இறக்கிவிட்டேன். துணிக் கொடி இப்போது மொட்டை மாடிக்குப் போய்விட்டது.

2011 வைகாசியை நீ மறந்திருக்க மாட்டாய். காலேஜில் இரண்டாம் வருஷம் படித்தாய். வண்டிக்கு அப்போதுதான் சிலிண்டரின் உள்துளையை, அதுதான் போர், கடைந்து பெரிதாக்கி (ரீபோர்) இருபது ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டிருந்தேன், அதாவது மூல அளவைவிட இருபது தௌ பெரியது; தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. போர் அடித்தது வெளிப்பட்டறையில். கடைசியாகக் கல்லால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருகிற ஹோனிங்குக்கும் சேர்த்து ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று அதை மட்டும் நானே வீட்டில் செய்தேன். இருநூறு கிலோமீட்டர் நான் ஓட்டினேன். அப்புறம் நீ மருதமலைக்குப் போகிறேன் என்று கேட்டாய். நாற்பதுக்கு மேல் போகாதே என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தேன். மலை ஏறும்போது பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொண்டது. பின் சக்கரம் அப்படியே நின்று கறுப்புக் கோடு போட்டது. சட்டென்று கிளட்சைப் பிடித்தாயோ, பிழைத்தாயோ. நான் வந்து பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி அடிபட்டதா என்பதல்ல, எவ்வளவு வேகத்தில் வந்தாய் என்பது. "நாப்பதுக்கு மேல போகவே இல்லப்பா" என்றாய். நான் நம்பவில்லை. அன்று சாயங்காலம் பெரியப்பா வீட்டார் எல்லோரும் இருக்கும்போதே அதைப் பேசினேன். அதற்கப்புறம் நீ அந்த வண்டியைத் தொடவே இல்லை. கியரை வலது காலில் போட்டு, குதிகாலால் நியூட்ரல் கண்டுபிடிக்கிற லீவரை அமுக்கி, ஆம்பியர் முள்ளைப் பார்த்துக் கிக்கர் உதைக்கிற வரை எல்லாம் கற்றுக்கொண்டவள் நீ.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சிலிண்டரை அன்றே கழற்றி, கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி பெஞ்சுக்கு அடியில் தள்ளியிருந்தேன். கோபத்தில் செய்தாலும் கிரீஸ் தடவியது நல்லதாயிற்று, துரு இல்லை. சுவரில் பிஸ்டனின் அலுமினியம் அப்பியிருந்தது. காஸ்டிக் சோடாக் கரைசலைத் துணியில் நனைத்துத் தொட்டுத் தொட்டு வைத்தேன். அது அலுமினியத்தைத் தின்றுவிடும், வார்ப்பிரும்பை ஒன்றும் செய்யாது. கையுறை, கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு திறந்தவெளியில்தான் செய்தேன், பயப்படாதே. அலுமினியம் போனதும் முன்பக்கமும் பின்பக்கமும் செங்குத்தாகக் கோடுகள் தெரிந்தன. பிஸ்டன் சுவரை அழுத்துகிற பக்கங்கள் அவைதான். அதில் புதுமை இல்லை.

கோடு விழாத இடமாகப் பார்த்து அளந்தேன். இதற்காகவே ஒரு நண்பரிடம் உள்விட்டம் அளக்கிற போர் டயல் கேஜ் இரவல் வாங்கியிருந்தேன். மேலே, நடுவே, கீழே என்று மூன்று ஆழம், ஒவ்வொன்றிலும் இரண்டு திசை. காலை ஐந்தரை மணி, இரும்பு குளிர்ந்து கிடந்தது. நடுவில் 70.49 மில்லிமீட்டர். கீழே ஓர் அங்குல உயரத்துக்கு 70.46. தப்பாக அளந்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி அளந்தேன். அதேதான் வந்தது.

பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். 2011இல் என் கையெழுத்தில் இருக்கிறது: பிஸ்டன் 70.44, போர் 70.52, இடைவெளி 0.08. அது சரியான இடைவெளி. புல்லட் 350க்கு மூலப் போர் 70, ஸ்ட்ரோக் 90. காற்றில் குளிர்கிற வார்ப்பிரும்பு சிலிண்டருக்குப் போரின் ஓர் அங்குலத்துக்கு ஒரு தௌ, அதற்கு மேல் கொஞ்சம் என்று பழையவர்கள் கணக்கு சொல்வார்கள். நமக்கு மூன்று தௌ வரும். நோட்டில் மூன்று தௌ இருக்கிறது. சிலிண்டரில் இல்லை. கீழே இருந்தது 0.02. ஒரு தௌ கூட இல்லை.

அரைநாள் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் போன தீபாவளிக்கு நீ சொன்னது நினைவுக்கு வந்தது. உங்கள் கம்பெனியின் அளவு அறையை எப்போதும் 20 டிகிரியில்தான் வைத்திருப்போம், வெளியிலிருந்து வருகிற பாகத்தை உடனே அளக்க விடமாட்டோம், அது அந்தக் குளிருக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று சொன்னாய். ஏசி போட்டு வேலை பார்க்கிறார்கள் பார் என்று நான்கூடச் சிரித்தேன்.

அன்று நான் செய்தது இதுதான். வைகாசி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, மத்தியானம் இரண்டு மணிக்கு ஹோனிங் செய்தேன். கல் தேய்த்த சூட்டில் சிலிண்டரில் கை வைக்க முடியவில்லை. அந்தச் சூட்டிலேயே அளந்து 70.52 என்று எழுதிவிட்டேன். வார்ப்பிரும்பு நாற்பது டிகிரி கூடுதலாகச் சூடேறியிருந்தால் எழுபது மில்லிமீட்டரில் 0.03 விரியும். நீயே போட்டுப் பார், சரியாக வரும். குளிர்ந்ததும் 70.49.

இரண்டாவது தப்பு அதைவிட மோசம். சிலிண்டரைப் பலகைமேல் அப்படியே நிறுத்தி வைத்துக் கல்லை மேலும் கீழும் ஓட்டினேன். கல் இரண்டு முனையிலும் தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். கீழே பலகை இருந்தால் எங்கே எட்டிப் பார்ப்பது? இடித்துத் திரும்பிவிட்டது. அதனால் அடியில் ஓர் அங்குலம் சரியாகத் தேயவே இல்லை. அந்த இடத்தை அளக்கவும் இல்லை. நடுவில் ஒரு தடவை அளந்துவிட்டு நோட்டை மூடினேன். அலுமினியப் பிஸ்டன் இரும்பைப்போல் இரண்டு மடங்கு விரியும். சமதரையில் நான் ஓட்டிய இருநூறு கிலோமீட்டர் எப்படியோ தாங்கிவிட்டது. மலையில் மெதுவாக ஏறும்போது இன்ஜின்மேல் அடிக்கிற காற்றும் குறைவு, பாரமும் அதிகம். முப்பதில் போயிருந்தாலும் அது பிடித்திருக்கும் கண்ணு. நீ வேகமாகப் போகவில்லை. நீ சொன்னது நிஜம். என்னைப்போல நாற்பது வருஷம் லேத்தில் நின்றவன் தன் அளவைச் சந்தேகப்படாமல் பெற்ற பெண்ணைச் சந்தேகப்பட்டேன்.

இதைப் பெரியப்பாவிடமும் போன ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டேன். அவருக்கு அந்தச் சம்பவமே ஞாபகம் இல்லையாம். இருக்கட்டும்.

சரி, இந்தத் தடவை எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன். நீ குறுக்குக் கேள்வி கேட்பாய் என்று தெரியும், அதனால் விவரமாகவே எழுதுகிறேன். கோடுகள் ஆழமாக இருந்தன. முப்பது ஓவர்சைஸில் போகாது, நாற்பதுக்குத்தான் போக வேண்டும், அதாவது மூல அளவைவிட ஒரு மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன். இதுதான் கடைசி. அடுத்த தடவை சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்கிற புது இரும்புக் குழாயை இறக்க வேண்டியதுதான். 346 சிசி இன்ஜின் இப்போது 356 ஆகிவிட்டது, ஆர்டிஓவிடம் சொல்லிவிடாதே. பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் லேத்தையே தொட்டேன். பெட்டிமேல் போட்டிருக்கிற அளவை நம்பிப் போர் அடிக்கக் கூடாது. பிஸ்டன் உருண்டையும் அல்ல, நேரும் அல்ல. பிஸ்டன் பின்னுக்குக் குறுக்காக, பாவாடை என்று சொல்கிற அதன் கீழ்ப்பகுதியின் அடியில் அளந்தால் 70.94 வந்தது. போர் 71.02 வேண்டும். அதில் 70.96 வரைக்கும் லேத், மிச்சம் கல்.

சிலிண்டரை லேத்தின் நாலு ஜா சக்கில், அதாவது நாலு தாடை உள்ள பிடியில், கவ்வினால் அடிக்கழுத்து நசுங்கி முட்டை வடிவம் ஆகிவிடும். கழற்றியதும் அது பழைய நிலைக்கு வரும், போர் கோணலாகும். அதனால் பேஸ் பிளேட்டில் (லேத்தில் சுழல்கிற தட்டையான தட்டு), ஒரே கனத்துக்குக் கடைந்த வளையம் ஒன்றை வைத்து, சிலிண்டரின் அடித்தட்டை அதன்மேல் போல்ட் போட்டேன். இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸில் உட்கார்கிற முகம் அதுதான், அதற்குச் செங்கோணத்தில்தான் போர் இருக்க வேண்டும். புல்லட்டில் வால்வைத் திறக்கிற கம்பியான புஷ்ராடு போகிற குழாய்கள் சிலிண்டரோடு சேர்த்தே ஒரு பக்கமாக வார்த்திருப்பார்கள். சுற்ற விட்டதும் லேத்தே பேயாட்டம் ஆடியது. எதிர்ப்பக்கத்தில் பழைய கியர் ஒன்றைக் கட்டி எடை சமன் செய்தேன். டயலை வைத்து மையம் பிடிக்கவே ஒரு முழுப் பகல் ஆயிற்று.

போரிங் பார், அதாவது உள்ளே போய் வெட்டுகிற கம்பி, நீளமாக இருப்பதால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஒரு கட் போனதும் அளவை மாற்றாமல் அதே இடத்தில் இன்னொரு தடவை ஓட விட்டால் மறுபடியும் கொஞ்சம் வெட்டும். அந்த இரண்டாவது ஓட்டத்துக்குப் பிறகு அளந்தால்தான் உண்மை தெரியும். வார்ப்பிரும்புக்கு எண்ணெய் கிடையாது, உலர்ந்தே வெட்ட வேண்டும். கரிப்பொடி மாதிரி கொட்டியது. உங்கம்மாவின் பழைய சேலையை லேத் படுக்கைமேல் விரித்திருந்தேன், அவளைக் கேட்டுத்தான். கடைசி கட்டை நடுவில் நிறுத்தக் கூடாது, நின்றால் சுவரில் வளையமாகத் தடம் விழும். மாதாந்திர பவர் கட் எந்தத் தேதி என்று பேப்பரில் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் வைத்துக்கொண்டேன்.

ஹோனிங்குக்கு இரண்டு செங்கல்லை நிறுத்தி அவற்றின்மேல் சிலிண்டரைக் கட்டினேன், கீழே கல் தாராளமாக வெளியே வரும்படி. கல் மாட்டிய டிரில்லை மெதுவாக ஓடவிட்டு, கையை வேகமாக மேலும் கீழும் ஓட்டினால் குறுக்குக் கோடுகள் விழும். சுவரில் கோடே இல்லாமல் கண்ணாடியாகப் பளபளக்கட்டும் என்றுதான் உங்கம்மாகூட நினைத்தாள். அப்படி இருந்தால் எண்ணெய் நிற்காது, பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங்கும் படியாது. "அம்மி கொத்தற மாதிரிதானே, வழவழன்னு ஆயிட்டா மொளகா அரையாதே" என்றாள். நான் இத்தனை வருஷம் அப்ரண்டிஸ் பையன்களுக்கு அதை இவ்வளவு சுலபமாகச் சொன்னதில்லை. மண்ணெண்ணெயைக் கரண்டியால் ஊற்றிக்கொண்டே இருந்தவளும் அவள்தான். இருபது தடவை ஓட்டுவேன், நிறுத்துவேன், சிலிண்டர் ஆறும்வரை காபி குடிப்பேன்.

அளவுக்குக் கிட்டே வந்ததும் வேலையை நிறுத்திவிட்டு, சிலிண்டர், பிஸ்டன், மைக்ரோமீட்டர், கேஜ் நான்கையும் ஒரே தாம்பாளத்தில் திண்ணையில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். விடியற்காலையில் நான்கும் ஒரே குளிரில் இருந்தன. இருபது டிகிரி நம் ஊரில் மார்கழியில்தான் வரும், ஆனால் நான்கும் ஒன்றுபோல இருந்தால் போதுமல்லவா? இன்னும் ஒரு மயிரிழை போக வேண்டியிருந்தது. இப்படி மூன்று விடியல் ஆயிற்று. மேலே 71.02, நடுவே 71.02, கீழே 71.02. மூன்று இடத்தையும் நோட்டில் எழுதியிருக்கிறேன், மணியும் போட்டு.

கழுவுவதுதான் சலிப்பு. பெட்ரோலில் கழுவினால் கல்பொடி கோடுகளுக்குள்ளேயே தங்கிவிடும். சுடுதண்ணீரும் சோப்பும் போட்டு பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கிழிந்த வெள்ளை வேட்டித் துண்டில் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் சாம்பல் நிறம் ஒட்டக் கூடாது. ஏழாவது துண்டில்தான் வெள்ளையாக வந்தது. ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவே 0.30 இடைவெளி விட்டேன். மற்றதெல்லாம் உனக்குத் தெரிந்த வேலை.

போன புதன்கிழமை மூன்றாவது உதையில் கிளம்பிவிட்டது. பக்கத்துத் தெருவுக்கும் கணபதிப் பக்கம் வரைக்குமாக அறுபது கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். மருதமலைப் பக்கம் போகவில்லை. பொங்கலுக்கு நீயும் மாப்பிள்ளையும் நான்கு நாள் இருக்கிற மாதிரி வாருங்கள். வண்டிக்கு எண்ணெய் மாற்றி வைத்திருப்பேன். ஒன்று மட்டும், ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்து கிடக்கிறது, புதிது கிடைக்கவில்லை. பரவாயில்லை, நீ நாற்பது என்றால் நாற்பதுதான்.

இப்படிக்கு,
அப்பா