அம்முவுக்கு, பாப்பாவோட கலரிங் பேப்பர் பத்தி

அம்மு,

நேத்து போன்ல நீ சொன்னதுல இருந்து அதே நினைப்புதான். பாப்பா கலர் அடிச்ச பேப்பர் ஒரு பெட்டி நிறைய சேர்ந்துடுச்சு, வெக்க இடமில்ல, குப்பையில போடவும் கை வரலம்மான்னு சொன்னியே. போன்ல விளக்கமா சொல்லலாம்னா பாதியில பாப்பா வந்து பிடுங்கிட்டு ஓடிடுவா, அதான் உக்காந்து எழுதறேன்.

தூக்கிப் போட்டுடாதடி. நான் போட்டுட்டேன். ஒருதடவ வீடு மாத்தறப்ப நீ சின்னதுல கலர் அடிச்ச பேப்பர் கட்டு அப்படியே பழைய பேப்பரோட போயிடுச்சு, அப்ப இருந்த அவசரத்துல அது ஒண்ணும் பெருசா தெரியல, இப்ப பாப்பா நாக்கை ஓரமா நீட்டிக்கிட்டு கிரேயானை அழுத்திப் பிடிக்கறதைப் பார்க்கறப்பல்லாம் அந்தக் கட்டுதான் கண்ணு முன்னாடி வருது.

அதுக்காக எல்லாத்தையும் பத்திரப்படுத்துன்னு சொல்லல, சிலதை வெட்டி ஒட்டி கவர், மணி, பசில்னு ஏதாவது பண்ணிக்கலாம். முதல்ல பின்பக்கம் தேதியும் வயசும் பென்சில்ல எழுதிடு, ஸ்கெட்ச் பேனால எழுதினா ஊறி முன்பக்கம் வந்துடும். அப்படியே ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோ. அப்புறம் அவளையே தரையில உக்கார வெச்சு பிரிக்கச் சொல்லு, வெட்டவே கூடாதது ஒரு பக்கம், வெட்டிக்கலாம்னு அவ சொல்றது ஒரு பக்கம். வெட்டக்கூடாதுன்னு அவ எடுத்து வெச்சது உனக்கு வெறும் கிறுக்கலா தெரிஞ்சாலும் அதுல கை வெக்காத.

இதை ஏன் சொல்றேன்னா, உனக்கு அப்ப அஞ்சு வயசு. ஒரு பட்டாம்பூச்சிக்கு கலர் அடிச்சிருந்த, ஒரு இறக்கை பச்சை, ஒரு இறக்கை ஊதா, கோட்டைத் தாண்டி சுத்தி முழுக்க மஞ்சள் கிரேயானால இழுத்து இழுத்து வெச்சிருந்த. நான் அதை நூல் கட்டி ஜன்னல்ல தொங்கவிடலாம்னு ஆசையா எடுத்து, கோட்டோரமா பிசிறில்லாம வெட்டிட்டேன். நீ ஓடி வந்து பார்த்துட்டு "அம்மா, வெயில் எங்க?"ன்னு கேட்ட. எனக்கு ஒரு நிமிஷம் புரியவே இல்ல. அப்புறம் ரெண்டு பேரும் கீழ விழுந்த மஞ்சள் துண்டையெல்லாம் பொறுக்கி திரும்ப ஒட்டப் பார்த்தோம், ஒட்டவே இல்ல, நீ அழுதுட்டே தூங்கிட்ட. அந்தக் கோடு யாரோ வரைஞ்சு அச்சடிச்சது, அந்தப் படத்துல உன்னோடதுன்னு இருந்ததே அந்த வெயில்தான், அதைப் போய் நான் வெட்டி எறிஞ்சேன். அதனால நீ எதை வெட்டினாலும் கோட்டுக்கு வெளிய ஒரு விரக்கடை விட்டு வெட்டு, வெளிய கலர் போயிருந்தா அது என்னன்னு அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வெட்டு.

அன்னிக்கு ஏன் ஒட்டலன்னா, கிரேயான்ங்கறது மெழுகு. மெழுகு மேல கம் நிக்காது, காஞ்சதும் பேர்ந்து வந்துடும். எப்பவும் வெறும் பக்கத்துலதான் கம் தடவணும். ஸ்கெட்ச் பேனா வேற மாதிரி, அது பெரும்பாலும் தண்ணி மை, மேல ஈரக் கம் பட்டா கலரெல்லாம் வழிஞ்சு ஒண்ணோட ஒண்ணு கலந்துடும். வெள்ளை கம்மை நிறைய ஊத்தினா பேப்பர் தண்ணிய குடிச்சு உப்பி, காயறப்ப அலை அலையா நிக்கும், இந்த மெல்லிசு பேப்பருக்கு க்ளூ ஸ்டிக்தான் சரி. லேமினேட் பண்ணலாமான்னு கேட்டியே, சூடு பண்ற மெஷின்ல கிரேயான் படத்தை விடாத, மெழுகு உருகி இழுவும், ஷீட்டும் சரியா பிடிக்காது. கலர் ஜெராக்ஸ் எடுத்து அதை லேமினேட் பண்ணிக்கோ, ஒரிஜினலும் பத்திரமா இருக்கும்.

முதல்ல கவர்ல இருந்து ஆரம்பி. ஏ4 பேப்பர் 21 செ.மீ. அகலம், 29.7 செ.மீ. நீளம். ஒரு மூலையைப் பிடிச்சு எதிர் ஓரத்தோட சேர்த்து மடிச்சா 21-க்கு 21 சதுரம் கிடைக்கும், மீதி துண்டை வெட்டி எடுத்துடு. சதுரத்தை கலர் பக்கம் கீழ இருக்கற மாதிரி வெச்சு நாலு மூலையையும் நடுவுக்கு மடிச்சா கிட்டத்தட்ட 15 செ.மீ. கவர் வந்துடும். மூணு மூலையையும் அடியில ஒட்டிடாம, உள்பக்கமா ஒரு துண்டு பேப்பர் வெச்சு ஒண்ணோட ஒண்ணு சேர்த்து ஒட்டி, நாலாவதை வாயா விட்டுடு. வெட்டின துண்டு 8.7 செ.மீ. அகலம் இருக்கும், அதை நீளவாக்குல ரெண்டா வெட்டி, பின்னாடி கொஞ்சம் கனமான அட்டை ஒட்டிட்டா ரெண்டு புக்மார்க். ஒரு பொட்டு பேப்பர் வீணாகாது, எனக்கு இதுல தனி சந்தோஷம்.

பாதியில விட்டது, கோபத்துல கிறுக்கினதுன்னு நிறைய இருக்கும்ல, அதெல்லாம் மாலை கோக்கற மணி பண்றதுக்கு. நீளமா முக்கோணம் வெட்டிக்கோ, அடி 2 செ.மீ., உயரம் பேப்பர் அகலம் அளவுக்கு. அகலமான பக்கத்துல இருந்து ஒரு குச்சியில இறுக்கி சுத்திட்டே வா, கலர் வெளிய தெரியணும், கடைசி முனைக்கு லேசா கம். மெழுகு இருக்கறதால சுத்துற வழியெல்லாம் கம் போட்டா வழுக்கும், அந்த நுனி போய் உக்கார்ற இடத்தை மட்டும் நகத்தால சுரண்டிட்டு ஒட்டு. குச்சியை உருவிட்டா நடுவுல ஓட்டையோட, சுத்தி வரி வரியா கலரோட ஒரு மணி. கன்னாபின்னான்னு கிறுக்கின பேப்பர்லதான் மணி ரொம்ப அழகா வரும், கலர் நெருக்கமா இருக்கும் பாரு. ஒரு மணியை அவளையே சுத்த விடு, லூஸா வந்தாலும் அதையும் சேர்த்துக் கோரு.

பசில் பண்ணனும்னா காலி அட்டைப்பெட்டியைப் பிரிச்சு அதுல ஒட்டி, கனமான புக்கெல்லாம் மேல வெச்சு ஒரு ராத்திரி விட்டுடு, இல்லேன்னா அட்டை வளைஞ்சுக்கும். 1760-கள்ல லண்டன்ல ஜான் ஸ்பில்ஸ்பரின்னு ஒருத்தர் மேப்பை பலகையில ஒட்டி, ஒவ்வொரு நாட்டோட எல்லையிலயும் அறுத்து பசங்க படிக்கறதுக்குன்னு வித்திருக்காரு, இந்த விளையாட்டுக்கு முதல் ஆளா அவரைத்தான் சொல்லுவாங்க. நீயும் அதே மாதிரி உருவம் உருவமா வெட்டு, யானைக்கு காது ஒரு துண்டு, தும்பிக்கை ஒரு துண்டு. பாப்பா வயசுக்கு ஆறேழு துண்டு போதும், அவ அடிச்ச கலரை வெச்சே எது எங்கன்னு கண்டுபிடிச்சுடுவா.

ஃபிரிட்ஜ்ல ஒட்ட பின்னாடி குட்டி காந்தம் வெக்கலாம்னு நினைச்சிருந்தா அதை மட்டும் வேண்டாம்டி, தம்பிப்பய தவழ ஆரம்பிச்சுட்டான். ரெண்டு காந்தத்தை முழுங்கிட்டா உள்ள ஒண்ணையொண்ணு இழுத்து குடலையே ஓட்டை போட்டுடும். மணி மாலையையும் அவன் கைக்கு எட்டாம வெச்சுக்கோ.

அப்புறம், இந்த லெட்டர் வந்த கவரைப் பார்த்தியா? போன தடவ பாப்பா எனக்குன்னு குடுத்த மீன் படம்தான், அவகிட்ட கேட்டுட்டுதான் மடிச்சேன். கவர் சின்னது, அதான் லெட்டர் எட்டா மடிச்சு வந்திருக்கு. தண்ணி முழுக்க நீலத்துல அடிச்சுட்டு மேல ஒரு மூலையை மட்டும் வெறுமையா விட்டிருந்தா, பேனா மை மெழுகு மேல நிக்காதே, அட்ரஸ் எழுத அந்த வெள்ளை இடம்தான் கிடைச்சுது. மீனோட வால் கவர் வாய்ல இருக்கு, நீ பிரிச்சப்ப கிழிஞ்சிருந்தா பின்பக்கமா ஒரு துண்டு பேப்பர் வெச்சு ஒட்டிடு, அவ பார்க்கறதுக்குள்ள.

அம்மா