பழைய வீட்டோடு சேர்த்துக் கட்டிய அறையில் விரிசலும் ஒழுகலும்: சரிசெய்து தரக் கோரி புகார்

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
கட்டுமான நிறுவனம், கும்பகோணம்.

ஐயா,

வணக்கம். எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஓர் அறையும் அதை ஒட்டிக் குளியலறையும் கட்டித்தரும் வேலையை உங்கள் நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தோம். கழிப்பறை கொல்லைக் கோடியில் இருக்கிறது. முழங்கால் தேய்ந்துபோன அம்மா ராத்திரியில் அவ்வளவு தூரம் நடக்கக்கூடாது என்றுதான் இந்த வேலையையே ஆரம்பித்தோம். அறை கட்டி முடிந்துவிட்டது. ஆனால் அம்மாவை அதில் படுக்க வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

இது தாத்தா காலத்து வீடு. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய ஒன்றரை அடிச் சுவர்கள், மேலே தேக்குச் சட்டங்கள் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை. தூணோ கம்பியோ எங்கும் கிடையாது. மொத்தப் பாரத்தையும் சுவர்தான் தாங்குகிறது. எஸ்டிமேட் போட வந்த அன்றே உங்கள் என்ஜினீயரிடம் இதைச் சொன்னேன், அவரும் குறித்துக்கொண்டார்.

கூடத்திலிருந்து புது அறைக்குப் போக வழி விடுவதற்காகப் பின்சுவரை உடைத்தார்கள். டெரஸின் சட்டங்கள் வந்து உட்கார்ந்திருப்பது அந்தச் சுவரில்தான். சட்டங்களுக்கு அடியில் வரிசையாக முட்டுக் கொடுத்து, பாரத்தை இறக்கிய பிறகுதான் சுவரில் கை வைத்திருக்க வேண்டும். உங்கள் ஆட்கள் இரண்டு சவுக்குக் கம்பை நிறுத்திவிட்டு இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் அந்த வழிக்கு மேலே பாரம் தாங்கப் போட்ட லிண்டல் இருபுறமும் குறைந்தது அரை அடியாவது சுவரில் ஏறியிருக்க வேண்டும். இடதுபக்கம் பூச்சு உதிர்ந்த இடத்தில் பாருங்கள், மூன்று விரல் அகலத்துக்குத்தான் ஏறியிருக்கிறது. அந்த மூலையிலிருந்து விரிசல் கல் இணைப்பு வழியாகப் படிப்படியாக ஏறி, ஒரு சட்டத்தின் நுனிவரை போயிருக்கிறது. அதிலிருந்து காரை கொட்டி, காலையில் கூடத்தில் அம்மாவின் படுக்கையெல்லாம் தூளாகக் கிடக்கிறது.

"பழைய வீடுன்னா விரிசல் விடத்தான் செய்யும், பட்டி பார்த்தால் சரியாகிவிடும்" என்றார் உங்கள் சைட் என்ஜினீயர். இந்த இடத்தில் இதற்கு முன்பு விரிசலே இருந்ததில்லை. நான் வெளியிலிருந்து ஒரு கட்டட என்ஜினீயரை அழைத்துவந்து காட்டினேன். அவர் விரிசலுக்குக் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டுப் போனார். அது உடைந்துவிட்டது. விரிசல் இன்னும் விரிந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அது போதும் என்கிறார். பட்டி வைத்து மூடுகிற விஷயமா இது?

அடுத்தது கூரை. பழைய சுவரில் பாரம் ஏற்றாமல், புது அறைக்குத் தனியாகத் தூண்கள் நிறுத்தி, இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விடுவதாக உங்கள் எஸ்டிமேட்டிலேயே எழுதியிருக்கிறீர்கள். நடந்தது வேறு. பழைய சுவரில் காடி வெட்டி, ஸ்லாபை அதற்குள் செருகிவிட்டார்கள். எங்கள் பக்கத்துக் களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். பழைய அஸ்திவாரம் எப்போதோ இறுகி உட்கார்ந்துவிட்டது, புதியது இனிமேல்தான் உட்காரும். இரண்டையும் இறுக்கிப் பிணைத்தால் சேருமிடம் பிளக்கத்தான் செய்யும். இப்போது ஒரு தூறல் போட்டாலே அந்த இணைப்பு நெடுக ஒழுகுகிறது. ஐப்பசி அடைமழையில் என்ன ஆகும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

ஓதம் வரக்கூடாது என்று கூடத்தின் சுவரில் மூன்றடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசினீர்கள். நான் கேட்காத வேலை, பில்லில் மட்டும் ஏறியிருக்கிறது. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து இழுக்கும் ஈரத்தை மேற்பரப்பு வழியாகக் காற்றில் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறும். அப்படித்தான் ஆகியிருக்கிறது. முன்பு முழங்கால் உயரத்தோடு நின்ற ஓதம் இப்போது பூச்சைத் தாண்டி, சாமி படம் மாட்டிய இடம்வரை உப்புப் பூத்துப் பொரிந்திருக்கிறது.

சட்டங்களுக்கு முறையாக முட்டுக் கொடுத்து, லிண்டலை எடுத்துவிட்டு இருபுறமும் போதிய அளவு சுவரில் ஏறும்படி புதிதாகப் போட்டுத் தர வேண்டும். அதுதான் முதல் வேலை, அதைத் தள்ளிப்போட முடியாது. பிறகு ஸ்லாபைப் பழைய சுவரிலிருந்து பிரித்து, எழுதிக்கொடுத்தபடி தனித் தூண்களில் நிறுத்துங்கள். சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பே பூசுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரை வைத்துச் செய்யுங்கள். செலவு முழுவதும் உங்களுடையது. நான் அழைத்துவந்த என்ஜினீயர் பார்த்துச் சரி என்று எழுதிக்கொடுத்த பிறகே கடைசித் தவணையைக் கொடுப்பேன்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலமாகப் பதில் வேண்டும். வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று வழக்குத் தொடுப்பேன். எஸ்டிமேட், ரசீதுகள், என்ஜினீயரின் அறிக்கை, புகைப்படங்கள் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

பார்வையிட வரும்போது மேஸ்திரியை மட்டும் அனுப்பிவிடாமல், எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போட்ட என்ஜினீயரையும் கூட்டிக்கொண்டு நீங்களே நேரில் வாருங்கள்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்