சத்தமில்லாமல் வரும் வலிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

குழந்தைகளின் காய்ச்சல் வலிப்பைப் பற்றிக் கடந்த ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை என் மருமகளுக்கு வாசித்துக் காட்டினேன். போன வைகாசியில் பேரனுக்கு அது வந்தபோது எங்கள் வீட்டில் நடந்த கூத்தை நினைத்து இரண்டு பேரும் சிரித்தோம். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. ஒன்றரை வயதுப் பிள்ளை கண் மேலே சொருகி, கைகால் வெட்டி வெட்டி இழுக்கக் கிடக்கிறான். ஒருவர் கையில் வைக்கத் திறப்புத் தேடி ஓடுகிறார். இன்னொருவர் பல்லுக்கிடையில் கரண்டி வைக்கப் பார்க்கிறார். 31 வருடம் ஆரம்பப் பிரிவில் படிப்பித்த நான் நல்லூரானுக்கு நேர்த்தி வைத்துக்கொண்டு நிற்கிறேன். திறப்பு வந்ததும் வலிப்பு நின்றது. அயலில் இன்றைக்கும் திறப்புக்குத்தான் பேர். அந்த வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாகவே நிற்கும். எங்கள் வீட்டில் ஒரு திறப்பைக் கண்டுபிடிக்கவும் அவ்வளவு நேரம் பிடிக்கும்.

கட்டுரை சொன்னதில் எனக்குக் குறை இல்லை. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள், மணிக்கூட்டைப் பாருங்கள், 5 நிமிடம் தாண்டினால் உடனே வைத்தியசாலைக்கு ஓடுங்கள், முதல்தரம் வந்ததென்றால் நின்றுபோனாலும் காட்டுங்கள். எல்லாம் சரி. 6 மாதத்துக்கும் 5 வயதுக்கும் இடையில் நூற்றில் 2 முதல் 5 பிள்ளைகளுக்கு வருகிற சாதாரணக் காய்ச்சல் வலிப்பால் மூளை வளர்ச்சி கெடுவதில்லை என்பதும் உண்மை. ஆனால் வாசித்து முடிக்கும் தாய்க்கு, கைகால் வெட்டினால்தான் வலிப்பு என்ற எண்ணம் வந்துவிடும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பல வருடங்களுக்கு முன் தரம் 3இல் என்னிடம் ஒரு பெண்பிள்ளை படித்தாள். வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு போவாள், ஆறேழு நாற்பத்திரண்டு என்பதற்கு நடுவில் நின்றுவிடுவாள். பத்துச் செக்கன் ஒரே பார்வை, கண்ணிமை மட்டும் இலேசாகத் துடிக்கும். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். பராக்குப் பார்க்கிறாள் என்று ஏசினேன். ஒருநாள் வாங்கின் மேல் ஏற்றியும் நிறுத்தினேன். அவளுடைய சொல்வதெழுதல் கொப்பியில் வசனங்களின் நடுவில் சொற்கள் விடுபட்டிருக்கும். எழுத்துப் பிழை என்றால் கிட்டத்தட்ட இல்லை. அதுவே எனக்கு ஏதோ சொல்லியிருக்க வேண்டும். சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டதோடு விட்டுவிட்டேன்.

அது ஒருவகை வலிப்பு என்று கண்டுபிடித்தது தாதியாக வேலை செய்த அவளுடைய பெரியம்மா. வைத்தியர் ஒரு கடதாசித் துண்டைக் கொடுத்து விடாமல் ஊதச் சொன்னாராம். மூன்று நிமிடம் முடியுமுன் பிள்ளை அப்படியே நின்றுவிட்டாள். மூச்சை வேகமாக இழுத்து விட்டால் இந்த வகை வலிப்பு வெளியே வரும். மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. எடுத்து உறுதி செய்தார்கள். ஒருநாளில் பத்து, இருபது, ஐம்பது தடவைகூட இப்படி வரலாம். என் வகுப்பில் அவள் எத்தனை பாடங்களைத் துண்டு துண்டாகக் கேட்டிருப்பாள்! பராக்குப் பார்க்கிற பிள்ளையைத் தோளில் தொட்டால் திரும்பும். இந்தப் பிள்ளை திரும்பாது. வித்தியாசம் இவ்வளவுதான், எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கைக்குழந்தைகளில் இன்னும் மோசமான ஒரு வகை உண்டு. எங்கள் ஒழுங்கையில் ஆறு மாதப் பிள்ளை ஒன்று நித்திரையால் எழும்பியவுடன் தலையைக் குனிந்து, இரண்டு கையையும் முன்னே தூக்கி, திரும்பத் திரும்பக் குனியும். "சாமி கும்பிடுறார்" என்று தூக்கிக் கொஞ்சினோம், நானும்தான். பிள்ளை சிரிப்பதை நிறுத்திய பிறகுதான் தாய்க்குப் பயம் பிடித்தது. 1841இல் இங்கிலாந்தில் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற வைத்தியர் தன் சொந்த மகனுக்கு வந்த இதே குனிதலை விவரித்து 'லான்செட்' மருத்துவ இதழின் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். முதலில் அவரும் அதைப் பிள்ளையின் விளையாட்டுப் பழக்கம் என்றே எண்ணியிருந்தார். வைத்தியருக்கே அப்படி. இன்றைக்கு இந்த நோய்க்கு அவருடைய பெயர்தான்.

இதில் அவசரம் ஏன்? பிறக்கும்போது வளர்ந்தவரின் மூளையில் கிட்டத்தட்டக் கால்வாசியாக இருக்கும் பிள்ளையின் மூளை இரண்டு வயதுக்குள் முக்கால்வாசியாகிறது. இணைப்புகள் கட்டப்படுகிற காலம் அது. இந்த நோயில் குனியும் நேரத்தில் மட்டுமல்ல, சும்மா கிடக்கும் நேரத்திலும் மூளையின் மின்னலைகள் தாறுமாறாக ஓடும். அதனால்தான் பழகியதையே பிள்ளை மறக்கிறது. மருந்து உண்டு, தொடங்கப் பிந்தப் பிந்தப் பலன் குறையும். சாதாரண பிரெட்னிசொலோன் குளிசை நன்றாக வேலை செய்கிறது என்று கொழும்பு வைத்தியர்களே ஆராய்ந்து 2015இல் வெளியிட்டிருக்கிறார்கள். எங்கள் ஒழுங்கைப் பிள்ளைக்கு இப்போது நாலு வயது. நடக்கிறான், கதை குறைவு. நாங்கள் கொஞ்சிக்கொண்டிருந்த வாரங்களை நான் இன்னும் எண்ணுகிறேன்.

எல்லாப் பின்னடைவையும் வலிப்பின் தலையில் போடவும் கூடாது. பிரசவத்தில் மூச்சு முட்டியது, மூளைக்காய்ச்சல், கருவிலேயே மூளை அமைந்த விதம், மரபணு என்று ஒரே காரணம் வலிப்பையும் தந்து வளர்ச்சியையும் பிந்தவைக்கலாம். கிரகணத்தன்று வெளியே போனாய் என்று தாயைக் குத்திக் காட்டுகிற மாமிமார் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். மறுபக்கம், வலிப்புள்ள பிள்ளைகளில் பலர் மற்றப் பிள்ளைகளைப் போலவே படிப்பார்கள். உரிய மருந்து கிடைத்தால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். என் தரம் 3 பிள்ளை இப்போது கணக்காளர்.

ஆகவே உங்கள் மருத்துவப் பக்கத்தில் அடுத்த முறை இந்தச் சத்தமில்லாத வகைகளையும் எழுதச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் நூல் கட்டப் போகுமுன் கைத்தொலைபேசியில் வீடியோ எடுங்கள் என்றும் போடுங்கள். கிளினிக்கில் பிள்ளை ஒன்றும் செய்யாமல் இருக்கும், வீடியோதான் வைத்தியருக்கு உதவும். இன்னொன்று, கொழும்பில் இருந்து எழுதுபவர்களுக்குத் தோன்றாதது: நம் வளவுகளில் கிணற்றுக்கட்டு உயரம் குறைவு. வலிப்புள்ள பிள்ளையைக் கிணற்றடிக்குத் தனியே குளிக்க விட வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
சுன்னாகம்.