ரெக்கவரி டிரைவ் நிரம்பியதற்கு நான் என்ன செய்யட்டும்?

விண்டோஸ் இயங்குதளம் தயாரிக்கும் குழுவினருக்கு,

வணக்கம். 'டிஸ்கில் இடம் குறைவாக உள்ளது' என்று திரையின் வலது மூலையில் எட்டிப் பார்க்கிறதே, அந்த அறிவிப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். எனக்கு முன்பே எத்தனையோ பேர் இதைச் சொல்லிவிட்டார்கள் என்பதால் முன்கதை தேவையில்லை. போன வாரம் அப்டேட் முடிந்து லேப்டாப் திறந்தபோது, அதுவரை கண்ணில் படாமல் இருந்த ரெக்கவரி பார்ட்டிஷனுக்கு 'இ' (E) என்று ஒரு டிரைவ் எழுத்து முளைத்திருந்தது. அது நிரம்பிவிட்டது என்று அன்று தொடங்கிய எச்சரிக்கை என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது. நான் கேட்பது ஒன்றே ஒன்று: 'இந்த டிரைவுக்கு இனி எச்சரிக்கை வேண்டாம்' என்று சொல்ல, அந்த அறிவிப்பிலேயே ஒரு பொத்தான் வையுங்கள்.

அந்த இ டிரைவ் என் பொறுப்பில் இருப்பது அல்ல. லேப்டாப் கிளம்பாமல் மக்கர் செய்தால் மீட்டெடுப்பதற்காக ஒதுக்கிய இடம் அது. மொத்தமே 500 எம்பி சொச்சம். நான் அதில் ஒரு போட்டோகூடப் போட்டதில்லை, போடவும் கூடாது. சின்னதாக வெட்டியது நீங்கள், உங்கள் கோப்புகளால் விளிம்புவரை நிரப்பியது நீங்கள். இப்போது 'ஐயோ, நிரம்பிவிட்டதே, எதையாவது அழியுங்கள்' என்று என்னிடம் வந்து நிற்பதும் நீங்கள்தான். பக்கத்திலேயே சி டிரைவில் பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கிறது.

சரி, இவ்வளவு சொல்கிறீர்களே என்று அறிவிப்பைச் சொடுக்கி, துப்புரவுப் பெட்டி வரை போய்ப் பார்த்தேன். தற்காலிகக் கோப்புகள், 0 பைட். குப்பைத்தொட்டி, 0 பைட். கீழே தடித்த எழுத்தில், விடுவிக்கக்கூடிய மொத்த இடம், அதுவும் 0 பைட். அதன் அடியில் 'சரி' என்று ஒரு பொத்தான். எதற்குச் சரி? அழுத்தினேன், பெட்டி மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அதே அறிவிப்பு, அதே மணிச்சத்தம், முதல்முறை சந்திப்பவர்போல.

டிரைவ்களை நிர்வகிக்கும் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து அந்தப் பார்ட்டிஷன்மேல் ரைட் கிளிக் செய்தால், வரும் மெனுவில் ஒரே ஒரு வரிதான் உயிரோடு இருக்கிறது: 'உதவி'. எழுத்தை நீக்கவும் முடியாது, மறைக்கவும் முடியாது. உதவி மட்டும் உண்டு. அந்த உதவிப் பக்கத்தில் என் பிரச்சினையைத் தவிர மற்ற எல்லாம் இருக்கிறது.

நான் ஆன்லைனில் பாடம் எடுப்பவன். திரையைப் பகிர்ந்து ஒரு கணக்கை விளக்கிக்கொண்டிருக்கும்போது, விடை வரவேண்டிய மூலையை மறைத்துக்கொண்டு இது வந்து உட்காரும். 'சார், உங்க லேப்டாப் ஃபுல் ஆயிடுச்சு' என்று சாட்டில் ஒரு பிள்ளை எழுதும். 'சார், தேவையில்லாததை டெலீட் பண்ணுங்க' என்று இன்னொன்று அக்கறையோடு வழி சொல்லும். அத்தனை பேர் முன்னால் ரெக்கவரி பார்ட்டிஷன் என்றால் என்ன என்று விளக்கினால் அன்றைய பாடம் போச்சு, விளக்காவிட்டால் நான் குப்பையைக் கூட்டாத ஆள். எல்லா அறிவிப்புகளையும் அணைத்துவிட்டுப் பாடம் எடுக்கலாமே என்பீர்கள். அப்படிச் செய்தால் அடுத்த வகுப்புக்கான நினைவூட்டலும் சேர்ந்து வாயை மூடிக்கொள்கிறது.

விஷயம் தெரியாதவர்கள் பாடு இன்னும் மோசம். நீங்கள் சொன்னதை நம்பி, மறைந்திருக்கும் கோப்புகளைத் தேடிப்பிடித்து இ டிரைவைக் காலி செய்தால் எச்சரிக்கை நின்றுவிடும். லேப்டாப் படுத்துவிடும் நாளில் மீட்டெடுக்கத்தான் எதுவும் இருக்காது.

வழியே இல்லை என்று சொல்லவில்லை. இயங்குதளத்தின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரிக்குள் இறங்கி, பாலிசீஸ் என்பதன் கீழ் எக்ஸ்ப்ளோரர் என்ற கீயில் 'நோ லோ டிஸ்க் ஸ்பேஸ் செக்ஸ்' என்று சேர்த்து எழுதி ஒரு மதிப்பை உருவாக்கி, 1 என்று வைத்தால் எச்சரிக்கை அடங்கிவிடும். ஆனால் எல்லா டிரைவுக்கும் சேர்த்து அடங்கும். சி டிரைவ் நிஜமாகவே நிரம்பும்போது சொல்ல ஆள் இருக்காது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்கிறீர்கள். அட்மின் உரிமையோடு கமாண்ட் விண்டோவைத் திறந்து, 'மவுண்ட்வால்' கட்டளையால் அந்த இ எழுத்தை மட்டும் பிடுங்கி எறிவதே சரியான வைத்தியம். செய்தேன், நின்றது. ஆனால் அடுத்த பெரிய அப்டேட்டில் எழுத்து திரும்பி வராது என்று உங்களால் உறுதி சொல்ல முடியுமா? 2018 ஏப்ரலில் வந்த அப்டேட்டிலும் இதே கூத்து நடந்ததே!

இடத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் நீங்கள், 2019 முதல் உங்கள் அப்டேட்டுகளுக்கென்று சுமார் 7 ஜிபியைத் தனியாக வளைத்துப் போட்டிருக்கிறீர்கள். திறந்திருப்பதை அப்படியே சேமித்துவிட்டு லேப்டாப்பை அணைக்க உதவும் ஹைபர்நேட் கோப்புக்கு ரேம் அளவில் 40 சதவீதம் வேறு. 16 ஜிபி ரேம் என்றால் 6 ஜிபிக்கு மேல். அதற்கெல்லாம் ஒரு மணிச்சத்தம் வந்ததில்லை. ஆனால் கிளவுடில் மாதச் சந்தாவுக்கு இடம் வாங்கிக்கொள்ளச் சொல்லும் அறிவிப்பு மட்டும் வேளை தவறாமல் வருகிறது. அதில் 'பிறகு நினைவூட்டு' உண்டு, 'வேண்டவே வேண்டாம்' கிடையாது. யார் லேப்டாப் இது என்று சில நேரம் சந்தேகமே வந்துவிடுகிறது.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கையே கூடாது என்பதல்ல என் வாதம். சி டிரைவில் இடம் தீரும்போது அவசியம் சொல்லுங்கள், நன்றியோடு கேட்டுக்கொள்கிறேன். ரெக்கவரி பார்ட்டிஷனுக்கு மட்டும் எந்த அப்டேட்டிலும் டிரைவ் எழுத்து கொடுக்காதீர்கள். தவறிப்போய்க் கொடுத்துவிட்டால், ரெஜிஸ்ட்ரி பக்கம் போகத் தெரியாதவரும் அணைத்துக்கொள்ளும்படி, டிரைவுக்கு ஒன்றாக அந்தப் பொத்தானை அறிவிப்பிலேயே வைத்துக் கொடுங்கள். அடுத்த அப்டேட்டிலேயே செய்து தந்தால் பெரிய உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் பயனர்களில் ஒருவன்